பனியன் கம்பெனி மாடியில் எத்தனை கிலோவாட்?

கேள்வி: ஐயா, திருப்பூரில் அவினாசி ரோட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறோம். கீழே மூன்று நிட்டிங் மெஷின் இரவு பகலாக ஓடும். மாடியில் தையல், செக்கிங், அயர்னிங். அது ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஞாயிறு லீவு. ஈ.பி.யில் வாங்கியிருக்கும் லோடு 60 கிலோவாட். மாதம் சுமார் 8,800 யூனிட் ஓடுகிறது, பில் 80,000 ரூபாயை ஒட்டி வருகிறது. கட்டடத்தில் பாதி கான்கிரீட் மாடி, 3,000 சதுர அடி இருக்கும். மீதி சிமென்ட் ஷீட். ஒரு வெண்டர், 60 கிலோவாட் சோலார் போட்டால் பில் ஜீரோ என்கிறார். இன்னொருவர் 40 போதும் என்கிறார். அப்பாவோ, இந்தப் பணத்துக்கு இன்னொரு நிட்டிங் மெஷின் வாங்கலாமே என்கிறார். 78,000 ரூபாய் வரை மானியம் என்று படித்தேன், எங்களுக்குக் கிடைக்குமா? பேனலை உயரமாகப் பந்தல் மாதிரிப் போட்டால் அடியில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடலாமே? கரண்ட் போனால் சோலாரில் மெஷின் ஓட்டலாமா? மாடிப் படங்களும் மெஷின் லிஸ்ட்டும் அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

மானியம் கிடையாது. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை தருகிறார்கள் என்று நீங்கள் படித்தது வீடுகளுக்கு மட்டும். கம்பெனி சர்வீசுக்கு அது பொருந்தாது. உங்களுக்கு இருப்பது வருமான வரியில் தேய்மானச் சலுகை: சோலாருக்கு வருடம் 40 சதவீதம். நிதியாண்டில் 180 நாளைக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த வருடம் அதில் பாதிதான். மீதி எங்கும் போகாது, அடுத்தடுத்த வருடங்களில் வரும். இதைப் பெரிதாகக் காட்டி, மார்ச் 31க்குள் போட்டாக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்கள் உண்டு. அவர்களிடம் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் பத்து நிமிடம் பேசிவிடுங்கள். ஜிஎஸ்டியும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு வரி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்தால், மொத்தத் தொகையில் 70 பங்குக்கு 5 சதவீதம், 30 பங்குக்கு 18 சதவீதம். கூட்டினால் 8.9 வரும். கொட்டேஷனில் இன்னும் 13.8 சதவீதம் என்று போட்டிருந்தால் அது பழைய ஃபைலில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியது.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். ஈ.பி. லைனில் வேலை செய்யும் ஆள் மேல் உங்கள் மாடிக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக, லைன் போனதும் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். ஆக, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு லைனை எடுக்கிறார்களே, அன்றைக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் உங்கள் பேனல் சும்மாதான் கிடக்கும். ஜெனரேட்டர் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பில் ஜீரோ ஆகாது. 60 கிலோவாட் சொன்னவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 60 கிலோவாட்டுக்கு மாதம் 7,200. உங்கள் 8,800ல் அதைக் கழித்தாலே 1,600 யூனிட் பாக்கி நிற்கிறது. வாங்கிய லோடுக்குக் கிலோவாட் கணக்கில் கட்டும் நிலைக்கட்டணமும் குறையாது. சரி, அதை விடுங்கள். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போடும் கணக்கை அப்படியே கம்பெனிக்குப் போட்டுவிட்டார். முழு விவகாரமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

வீட்டு இணைப்பில் இருப்பது நெட் மீட்டரிங். பகலில் ஈ.பி.க்கு ஒரு யூனிட் கொடுத்தால் இரவில் ஒரு யூனிட் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு ஒன்று. தொழில் இணைப்புக்கு அது கிடையாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021ல் போட்ட உத்தரவுப்படி உங்களுக்கு இருப்பது நெட் ஃபீட்-இன். அந்தந்த நேரத்தில் உங்கள் மெஷின் இழுக்கும் சோலார் கரண்ட் உங்களுக்கு ஈ.பி. விலையைக் காப்பாற்றித் தரும். மெஷின் இழுக்காமல் வெளியே போகும் யூனிட்டுக்கு ஈ.பி. தருவது மூன்று ரூபாய் சொச்சம்தான். பகலில் கொடுத்ததை இரவு நிட்டிங்குக்குத் திரும்ப வாங்கினால் முழு விலை. அதோடு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று உண்டு. நீங்களே பயன்படுத்தினாலும் சரி, வெளியே போனாலும் சரி, சோலார் மீட்டர் காட்டும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது விழும். 2023ல் சிறு தொழில்காரர்கள் போராடியபோது நிலைக்கட்டணத்தோடு சேர்ந்து பேசப்பட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. இந்த விகிதம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வெண்டர் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல், ஏற்கெனவே சோலார் போட்டிருக்கும் பக்கத்துக் கம்பெனியின் போன மாத பில்லை வாங்கிப் பாருங்கள்.

இப்போது உங்கள் மெஷின் லிஸ்ட். நிட்டிங்கும் கம்ப்ரசரும் சேர்ந்து சராசரியாக 8 கிலோவாட் இழுக்கும், 24 மணி நேரமும். தையல், அயர்னிங், லைட், ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 12 கிலோவாட், பன்னிரண்டு மணி நேரம். அதாவது வேலை நாளில் 336 யூனிட். 26 நாளைக்குப் பெருக்கி ஞாயிற்றுக்கிழமை லைட்டையும் சேர்த்தால் நீங்கள் சொன்ன 8,800 வந்துவிடுகிறது. ஆக, வெயில் நேரத்தில் உங்கள் கம்பெனி இழுப்பது 20 கிலோவாட். வாங்கிய லோடு 60 என்பது எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் முழுமூச்சில் ஓடினால் என்ற கணக்கு. ஈ.பி. விதி, சோலார் அளவு வாங்கிய லோடைத் தாண்டக்கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த அளவுக்குப் போடச் சொல்லவில்லை.

60 கிலோவாட் போட்டால் நண்பகலில் 35 கிலோவாட்டுக்கு மேல் வரும். 20ஐ உங்கள் மெஷின் எடுத்துக்கொள்ளும், மீதி வெளியே. மணிக்கு மணி போட்டுப் பார்த்தால், ஒரு நாளில் வரும் 240 யூனிட்டில் உங்களுக்குப் பயன்படுவது 165தான். ஞாயிற்றுக்கிழமை 240ம் வெளியேதான். 30 கிலோவாட் போட்டால் நாளைக்கு 120. அதில் சாப்பாட்டு நேரத்தில் நழுவும் இரண்டு யூனிட் போக 118ஐ நீங்களே பயன்படுத்துவீர்கள்.

பணமாக்கிப் பார்ப்போம். ஈ.பி. யூனிட் 8 ரூபாய், வெளியே போவதற்கு 3 ரூபாய், நெட்வொர்க் கட்டணம் ஒரு ரூபாய் என்று கணக்குக்காக வைக்கிறேன். உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளலாம். போடும் செலவு வரி இல்லாமல் கிலோவாட்டுக்கு 45,000 ரூபாய். இந்த அளவு வேலைக்கு இப்போது 40,000லிருந்து 50,000க்குள் கொட்டேஷன் வருகிறது.

30 கிலோவாட்டுக்கு முதல் 13.5 லட்சம். மாத மிச்சம் 22,500, வருடம் 2.7 லட்சம். ஐந்து வருடத்தில் முதல் திரும்பிவிடும்.

60 கிலோவாட்டுக்கு முதல் 27 லட்சம். மாத மிச்சம் 35,900, வருடம் 4.3 லட்சம். ஆறு வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், வெண்டரும் அப்படித்தான் கேட்பார். இரண்டையும் மொத்தமாக ஒப்பிடாமல், இரண்டாவது 30 கிலோவாட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதே 13.5 லட்சத்துக்கு மாதம் 13,400தான் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்தப் பாதி முதலை எடுக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் சிமென்ட் ஷீட்டை மாற்றும் செலவைச் சேர்க்காமல்.

40 சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. கணக்கில் அதுவும் நிற்கும். 30க்கு மேல் போடும் அந்தப் பத்து கிலோவாட் ஆறு வருடத்துக்குள் முதலைத் தந்துவிடும். உங்கள் மாடிதான் இடம் கொடுக்காது போலிருக்கிறது. 550 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். 40 கிலோவாட்டுக்கு 73 பேனல். பேனல் பரப்பே 2,000 சதுர அடி வந்துவிடும். துடைக்க ஆள் நடக்கும் வழி, வரிசைக்கு வரிசை இடைவெளி, டேங்க், படிக்கட்டு அறை எல்லாம் போக 30லிருந்து 33 வரைதான் நெருக்கடி இல்லாமல் உட்காரும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

படத்தில் படிக்கட்டு அறை தெற்கு ஓரத்தில் இருக்கிறது. மார்கழியில் அதன் நிழல் வடக்கே விழும், அதுவும் காலையிலும் மாலையிலும் நீளமாக. நிழல் ஒரு பேனலின் ஓரத்தைத் தொட்டாலும், அதோடு ஒரே வயரில் கோத்த பேனல் வரிசை (ஸ்ட்ரிங்) முழுவதிலும் உற்பத்தி இறங்கும். நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிட்டு, ஆவணி பிறக்கும் வரை வடக்குப் பக்கமாகப் போகும். அந்த நாலு மாதம் நிழல் தெற்கே விழும். வடக்குச் சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பவுண்டுக்காரர் மாடி எழுப்பினால் அதுவும் கணக்கில் வரும். சாய்வு 10 டிகிரி போதும். டெல்லிப் படத்தைப் பார்த்து 25 டிகிரி வரைந்து கொடுத்தால் அந்தப் பிளானைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உயரமாகப் பந்தல் மாதிரிப் போட்டால் அடியில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேரே நம் மேல்தான் வருகிறது. உயரம் கூடக்கூட இரும்பு கூடும், தூணுக்கு அடியில் பிடிப்பும் கூட வேண்டும். அதற்குத் தனியாகக் கட்டட இன்ஜினியர் கையெழுத்து வாங்குங்கள். எப்படிப் போட்டாலும் தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்க விடாதீர்கள். ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் உங்கள் தையல் டேபிளுக்கு வரும். தளத்தின் மேல் கான்கிரீட் பீடம் போட்டு அதில் காலை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிமென்ட் ஷீட் பக்கம் போகவே வேண்டாம். அதன் மேல் பேனல் போடக்கூடாது, அது எடை தாங்காது. ஆளே நடக்கக் கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு நூல் குடோனில் அளவெடுக்கப் போனபோது எங்கள் பையன் ஒருவன் ஷீட்டில் கால் வைத்தான். தொடை வரை உள்ளே போய்விட்டது. ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு (பர்லின்) அடியில் தட்டியதால் பிழைத்தான், இல்லாவிட்டால் இருபதடிப் பள்ளம். அன்றிலிருந்து சிமென்ட் ஷீட் இருந்தால் பலகை விரிக்காமல் யாரையும் நான் ஏற்றுவதில்லை. உங்கள் கம்பெனிக்கு அளவெடுக்க வருகிறவர் சர்வ சாதாரணமாக அதன் மேல் ஏறினால், அவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

இனி, சோலார் போட்ட பிறகு எனக்கு அதிகமாக ஃபோன் வரும் விஷயம். "சார், யூனிட் குறைந்துவிட்டது, ஆனால் பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம் என்று புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது." மோட்டார்கள் வேலை செய்யும் கரண்ட் மட்டும் இழுப்பதில்லை. காந்தப்புலம் உண்டாக்க ஒரு பங்கும் இழுக்கும், அதை வேலை செய்யாத கரண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் பங்கோடு ஒப்பிட அது கூடக்கூட, பவர் ஃபேக்டர் என்ற எண் 1லிருந்து கீழே இறங்கும். உங்கள் 20 கிலோவாட்டுக்கு பவர் ஃபேக்டர் 0.9 என்றால் அந்த வேலை செய்யாத பங்கு 10ஐ ஒட்டி இருக்கும். சோலார் வந்து 16 கிலோவாட்டைத் தூக்கிக்கொண்டது என்றால் ஈ.பி.யிலிருந்து வருவது வெறும் 4 கிலோவாட். வேலை செய்யாத பங்கு மட்டும் அதே 10. ஈ.பி. மீட்டரின் கண்ணில் அந்த நேரத்தில் உங்கள் பவர் ஃபேக்டர் 0.4க்கும் கீழே. மெஷின்கள் எல்லாம் நேற்று ஓடியது போலத்தான் ஓடுகின்றன, தப்பு எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் மாதச் சராசரி இறங்கிவிடும். தாழ்வழுத்தத் தொழில் இணைப்பில் 0.85க்குக் கீழே போனால் அபராதம். இரவு நிட்டிங் ஓடுவதால் உங்கள் சராசரி கொஞ்சம் தாங்கும், முழுதும் தாங்காது. அந்த வேலை செய்யாத பங்கைத் தரும் கெபாசிட்டர் பேனல் ஆட்டோமேட்டிக்காக இருக்கிறதா, அதன் சி.டி. (கரண்டை அளக்கும் வளையம்) ஈ.பி. வரும் பக்கத்தில் மாட்டியிருக்கிறதா, சோலார் வந்த பின் அதன் அளவு போதுமா என்று மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே வெண்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். இப்போதைய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இந்தப் பங்கைத் தானே தரும் வசதியும் இருக்கிறது. செட்டிங்கில் போய் ஆன் செய்ய வேண்டும், பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

இருவழி மீட்டர் மாட்டும் வரை சோலாரை ஆன் செய்யவே கூடாது. "டெஸ்டிங்குக்குத்தானே, ஓடட்டும்" என்று விட்டுப் போவார்கள். பழைய மீட்டர்களில் பல, வெளியே போகும் கரண்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். ஒரு லீவு நாளில் அப்படி ஓட விட்டு, தான் ஈ.பி.க்குக் கொடுத்த கரண்டுக்குத் தானே பில் கட்டியவரை எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டருக்கு வருவோம். உங்களிடம் 62.5 கே.வி.ஏ. இருக்கிறது. டீசல் கரண்ட் யூனிட் 25 ரூபாய்க்கு மேல் ஆகிறதே, அதோடு சோலாரைச் சேர்த்து ஓட்டினால் மிச்சம்தானே என்று ஒரு கன்ட்ரோலர் விற்பார்கள். பெரிய ஆலைக்கு அது சரி. ஆனால் ஜெனரேட்டர் தன் அளவில் 30 சதவீதமாவது ஓடினால்தான் இன்ஜினுக்கு நல்லது. உங்களுடையது கிலோவாட்டில் 50, அதில் அது 15 கிலோவாட். உங்கள் லோடே 20. ஆக, சோலாருக்கு விடக்கூடியது 5 கிலோவாட். மாதம் ஒரு நாள் பவர் கட்டுக்கு அந்த ஐந்தைக் காப்பாற்ற லட்சக் கணக்கில் செலவு வேண்டாம். ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் தானே அணைந்திருக்கும்படி ஒரு இன்டர்லாக் வையுங்கள். இது கட்டாயம். இல்லாவிட்டால் சோலார் கரண்ட் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும். பேட்டரி யோசனையும் இந்த அளவு தொழிலுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பேனலைத் துடைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மேற்குப் பக்கப் படத்தில் ஒரு புகைபோக்கி தெரிகிறது. அது விறகு பாய்லராக இருந்தால் அதன் கரியும் உங்கள் கம்பெனிப் பஞ்சுத்தூசியும் பனியில் சேர்ந்து பேனலில் பசை போலப் படியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டி வரும். போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். திருப்பூர்த் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்பு நிற்கும், பேனல் கண்ணாடியிலும் அதேதான், பிறகு சுரண்டினாலும் போகாது. ஆட்கள் குடிக்க ஆர்.ஓ. வைத்திருப்பீர்களே, அந்தத் தண்ணீரும் நீளக் கம்பில் கட்டிய மாப்பும் போதும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை அடிக்கக் கூடாது. பேனல் மேல் ஏறி நின்று துடைத்தால் உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

பஞ்சு இருக்கும் இடம் என்பதால் தீ பற்றியும் ஒரு வார்த்தை. பேனலிலிருந்து இறங்கும் டி.சி. வயரை கம்பெனிக்கு உள்ளே கொண்டு போக வேண்டாம். வெளிச் சுவர் வழியாகக் குழாயில் இறக்கி, இன்வெர்ட்டரை வெளியே நிழலில் மாட்டுங்கள். வயர் முனைகளைச் சேர்க்கும் கனெக்டர்கள் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி ஒரே மாடலாக இருக்க வேண்டும். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், மாட்டினால் மாட்டிக்கொள்ளும். உள்ளே பிடிப்புச் சரியில்லாமல் சூடாகி உருகுவது இங்கேதான். எர்த் குழி டி.சி.க்கு, ஏ.சி.க்கு, இடிதாங்கிக்கு என்று தனித்தனி.

கொட்டேஷனில் "டயர் 1 பேனல்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது அந்தக் கம்பெனித் திட்டங்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்கின்றனவா என்ற கணக்கில் போடும் பட்டியல், பேனலின் தரத்தை அளந்து போட்டதல்ல. அதை விட, மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட மாடல் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும் ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். 30 கிலோவாட்டுக்கு முதல் வருடம் 42,000 யூனிட் வரும், குறைந்தால் வித்தியாசத்தை யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேளுங்கள். தயங்காமல் எழுதித் தருகிறவர்தான் மாடியை ஒழுங்காக அளந்தவர். கடைசிப் பத்து சதவீதப் பணத்தை இருவழி மீட்டர் மாட்டி முதல் பில் வரும் வரை கையில் வைத்திருங்கள்.

அப்பா கேட்டதைத்தான் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி அது. 30 கிலோவாட் சோலார், போட்ட பணத்துக்கு வரிக்கு முன் வருடம் இருபது சதவீதம் தருகிறது. இரவு பகலாக ஓட்ட கையில் ஆர்டர் இருந்து, இன்னொரு நிட்டிங் மெஷின் அதை விட அதிகம் தரும் என்று அவர் கணக்கு சொன்னால், மெஷினை முதலில் வாங்குங்கள். பகல் லோடு கூடும், அப்புறம் போடும் சோலாருக்கும் அது நல்லதுதான்.

வெண்டர்கள் சொல்லாத ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். ஆர்டர் இல்லாத மாதத்தில் சோலாரும் படுத்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் எத்தனை ஷெட் பாதி மெஷினை நிறுத்தியது என்று அவருக்கே தெரியும். மெஷின் ஓடாவிட்டால் 3,600 யூனிட்டும் மூன்று ரூபாய்க்கு வெளியே போகும். நெட்வொர்க் கட்டணம் போக மாதம் 7,200 ரூபாய் நிற்கும். 10 லட்சம் வங்கிக் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை 21,250. வேலை ஓடும் மாதங்களில் 22,500 மிச்சம் அந்தத் தவணையைச் சுமக்கும். ஓடாத மாதத்தில் 14,000 ரூபாய் கையிலிருந்து போகும். அப்படி மூன்று நாலு மாதத்தைத் தாங்கும் பணம் கையிருப்பில் இருந்தால் கடனில் போடுங்கள். இல்லாவிட்டால் 20 கிலோவாட்டில் தொடங்கி, இன்வெர்ட்டருக்கும் கேபிளுக்கும் இடம் விட்டு வைத்து, அடுத்த வருடம் மீதியைச் சேருங்கள்.

எதுவானாலும் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். நான் 20 கிலோவாட் என்று சொன்னது மெஷின் லிஸ்ட்டைப் பார்த்து ஊகித்தது. ஞாயிறு உட்பட ஏழு நாளும் காலை எட்டரைக்கும், மதியம் ஒன்றுக்கும், இரண்டுக்கும், மாலை ஐந்துக்கும் ஈ.பி. மீட்டரை ஃபோனில் படம் எடுங்கள். சி.டி. மீட்டராக இருந்தால் பக்கத்தில் எம்.எஃப். என்று ஒரு எண் எழுதியிருக்கும், ரீடிங்கை அதால் பெருக்க வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓடும் யூனிட்டைத் தனியாகக் குறித்து அனுப்புங்கள். சாப்பாட்டு நேரத்தில் தையலை மொத்தமாக நிறுத்துகிறீர்களா, பாதிப் பாதியாக விடுகிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. 30ஆ 33ஆ என்பது அதைப் பொறுத்தது.